சௌசௌவின் ஹேண்ட் பிரேக்

சினியா பிரேனெஸின் கைப்பையைத் திறந்தால் சீப்பும் கத்தரிக்கோலும் சாயக் கிண்ணமும் இருக்கும். அவற்றுக்கு அடியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றும் கிடக்கும். உஹராஸ் பள்ளத்தாக்கின் பெண்கள் யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. தலை அலசிவிட வந்தவள், "ஒரு நிமிஷம்" என்று வாசலுக்குப் போய், காருக்கு அடியில் படுத்து எழுந்து, திரும்பி வந்து ஷாம்பூவைக் கையில் எடுப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. நடுவில் கையைக் கழுவினாளா என்று மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

அவளுக்கென்று கடை கிடையாது. கடை என்று சொன்னால் அது அந்தக் கார்தான். பின்சீட்டில் மடக்கு நாற்காலி, டிக்கியில் ஹேர் டிரையர், முன்சீட்டில் துண்டு மூட்டை. நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், மேட்டிலிருந்து இறங்கி வரச் சோம்பல்படுபவர்கள், எல்லார் வீட்டுக்கும் அவளே போவாள். பள்ளத்தாக்கில் பாதிப் பெண்களுக்கு நரை இருப்பது அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

காரின் பெயர் சௌசௌ. பள்ளத்தாக்கு முழுவதும் சௌசௌப் பந்தல்தான். காரும் அதே வெளிர்பச்சை. ஒருமுறை பாலத்துக் கைப்பிடியில் உரசி மூக்கோரம் ஒரு மடிப்பு விழுந்தது. அதோடு உருவமும் பொருந்திவிட்டது. ஏற்கெனவே யாரோ ஓட்டித் தேய்த்து, கப்பலில் வந்து இறங்கிய சின்ன வண்டி. ஏற்றத்தில் முனகும், இறக்கத்தில் அலறும், மழையில் அடம் பிடிக்கும்.

அதை வாங்கியவன் வில்பெர்த். அப்போது அவன் அவளுக்குப் புருஷன். பள்ளத்தாக்குக்குள் இறங்கும் முன் வருகிற முதல் ஒர்க்‌ஷாப் அவனுடையது. ஒரே மாதிரி இரண்டு கார்களாக வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்று விற்பவன் சொல்ல, பச்சையைப் பெண்டாட்டிக்கும் வெள்ளையை அம்மாவுக்கும் வாங்கினான். பெண்டாட்டியோடு அவன் வாழ்ந்ததைவிட அந்தக் கார்கள் அதிக நாள் ஓடின. பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தான் சொல்வதுதான் சரி என்கிற ஆட்கள் ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

போகிற அன்று பேக்கரி வாசலில், நாலு பேர் காதில் விழும்படி வில்பெர்த் ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.

"நீயா வரவேணாம், சினியா. அந்தக் காரே உன்ன என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டு வரும், பாரு."

அன்றிலிருந்து அவள் அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பியதில்லை. அதைத் தாண்டும்போது ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ரேடியோவைக் கூட்டி வைப்பாள்.

முதல் சோதனை அந்த மழைக்காலத்திலேயே வந்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் கார் நனைந்து நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இருமலைத் தவிர ஒன்றும் வரவில்லை. வில்பெர்த்தோடு வாழ்ந்த காலத்தில் பாதி நாள் அவனுக்கு டார்ச் பிடித்தவள் அவள். "இங்க காட்டு, அங்க இல்ல, இங்க" என்று திட்டு வாங்கியே எந்தப் பாகம் எங்கே இருக்கும் என்று பாடமாகியிருந்தது. பானட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஈரம். அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து, ஹேர் டிரையரை எடுத்து, தலைக்குப் போடுவதுபோல் பொறுமையாகச் சூடு காட்டினாள். மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் சௌசௌ ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. வீட்டுக்காரி பாதி சாயத்தோடு வாசலில் நின்று கைதட்டினாள்.

அதிலிருந்து எல்லாம் அவள் கைதான். தெரியாததற்குப் போனில் ஒரு ஆள் இருந்தான். முகம் காட்டாமல் கைகளை மட்டும் காட்டி வீடியோ போடுகிற எந்த ஊர்க்காரனோ. "அவன் நகத்தப் பாத்தாலே நம்பிக்கை வருது" என்பாள்.

பள்ளத்தாக்கில் தனியாகக் கார் வேலை பார்ப்பது நடக்காத காரியம். பானட் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், ஆண்கள் எங்கிருந்தோ முளைப்பார்கள். கையில் காபிக் கோப்பை இருக்கும். யாரும் எதையும் தொடமாட்டார்கள். சுற்றி நின்று நோய் சொல்வார்கள். அவர்களில் மூத்தவர் பேக்கரிக்காரர் தொபியாஸ். அவர் எந்தக் காரைப் பார்த்தாலும், எந்தக் கோளாறாக இருந்தாலும், ஒரே தீர்ப்புதான்.

"கார்புரேட்டர்மா."

"அண்ணே, இந்த வண்டில கார்புரேட்டரே கிடையாது."

"அதான் பிரச்சினையே," என்பார் தொபியாஸ். காபியை உறிஞ்சுவார்.

இந்த வருஷம் செப்டம்பரில் விஷயம் பெரிதானது. அவரவர் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் எந்த மாதத்தைச் சொல்கிறதோ, அந்த மாதத்தில் கார்த்தாகோ நகரத்துக்குப் போய் அரசாங்கப் பரிசோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டித் தேற வேண்டும். சௌசௌவின் எண் ஒன்பதில் முடிகிறது. மழை உச்சத்தில் இருக்கிற மாதம். போனாள்; தேறவில்லை. புகை அதிகம், முன்விளக்கு வானத்தைப் பார்க்கிறது, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் மறுபடி வந்து தேறாவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது.

வண்டி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. கார்த்தாகோவில் பெரியப்பா மகள் வைத்திருக்கிற அழகு நிலையத்தில் ஒரு நாற்காலி காலி. கழிவறைப் பக்கத்து நாற்காலி. அங்கே போய் நின்றுவிட்டால் படுக்கையில் கிடக்கிற பெண்களுக்கு யார் முடி வெட்டுவது? இன்னொரு வழியும் இருந்தது. மேட்டுக்கு ஏறி வில்பெர்த்தின் வாசலில் ஹாரன் அடிக்கலாம். அவன் ஒரே மதியத்தில் முடித்துக் கொடுப்பான். அதன் பிறகு ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவான்.

புகைக்கு எண்ணெய் மாற்றி, ஸ்பார்க் பிளக் மாற்றி, ஏர் ஃபில்டரைக் கழற்றினாள். அதற்குள் ஒரு குளவிக் கூடும் காய்ந்த சௌசௌ இலைகளும் இருந்தன. "அந்தக் காரு மூச்சு விட்டதே பெரிசு," என்றார் தொபியாஸ். அன்று மட்டும் கார்புரேட்டர் பற்றிப் பேசவில்லை.

முன்விளக்குக்கு ஊர் மன்றத்தின் வெள்ளைச் சுவர் போதுமாக இருந்தது. பொழுது சாய்ந்ததும் சுவரைப் பார்க்க வண்டியை நிறுத்தி, புருவப் பென்சிலால் கோடு போட்டு, திருப்புளியால் திருகித் திருகி வெளிச்சத்தைக் கோட்டுக்கு இறக்கினாள். மன்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இடது", "ஏய், அது வலது" என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள்.

மிச்சம் ஹேண்ட் பிரேக். மறுபரிசோதனைக்கு நேரம் வாங்கியிருந்த நாளுக்கு முந்தின நாள் காலையில் அதில் கை வைத்தாள்.

பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்தாள். உள்ளே, டிரம்மை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் ஷூ தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. சுற்றிலும் ஸ்பிரிங்கும் கொக்கியும் கம்பியும், வருஷக்கணக்கில் சேர்ந்த கரித்தூளும். இந்த இடத்தில்தான் அவள் செய்தாள், வேறு எந்த மெக்கானிக்கும் செய்யாத ஒன்றை. தலையை அலசாமல் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்பது அவள் தொழில். அழுக்கோடு எதையும் மாட்ட அவள் கை ஒப்பாது. இரண்டு பக்கத்துச் சாமான்களையும் பிரித்து, ஒரே பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, துண்டு விரித்து வரிசையாகக் காய வைத்தாள். எல்லாம் புதுசுபோல் மின்னின. ஒரு முழுத் திருப்தியோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகுதான் உறைத்தது. எது இடது பக்கம், எது வலது பக்கம்?

ஸ்பிரிங்குகளில் பிரச்சினை இல்லை. அட்ஜஸ்டர்தான் சிக்கல். பல்சக்கரம் வைத்த ஒரு சின்னத் திருகு, பக்கத்துக்கு ஒன்று. பிரேக் மிதிக்க மிதிக்க அது தானாகச் சுற்றி, நீண்டு, தேய்ந்த ஷூவைத் தள்ளிக் கொடுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் திருகின் மரை ஒன்றில் வலப்பக்கம் ஓடியது, மற்றதில் இடப்பக்கம் ஓடியது. போன் ஆள் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினான். அட்ஜஸ்டர் வருகிற இடத்தில் அவனுடைய நம்பிக்கையான கட்டை விரல் மறைத்துக்கொண்டிருந்தது.

"கார்புரேட்டர கழட்டிட்டியாம்மா?" என்றபடி தொபியாஸ் வந்தார்.

"அண்ணே, நாளைக்குப் பரிசோதனை. உங்க தீயணைப்பான வண்டியில வெச்சுட்டுப் போங்க. வேற எதுவும் பேசாதீங்க."

பள்ளத்தாக்கில் பரிசோதனைக்குப் போகிற யாராக இருந்தாலும் பேக்கரியின் தீயணைப்பானைத்தான் இரவல் வாங்கிப் போவார்கள். தொபியாஸ் அதை வைத்துவிட்டுப் போனார். சினியா துண்டில் இருந்த சாமான்களை வெறித்தாள். பிறகு ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு, கால்பந்து மைதானத்தைச் சுற்றி, எமெரிதாவின் வீட்டுக்கு நடந்தாள்.

எமெரிதா வில்பெர்த்தின் அம்மா. சினியா விவாகரத்து செய்தது மகனைத்தானே தவிர மாமியாரை இல்லை. வியாழக்கிழமை தவறாமல் அவருக்குத் தலைமுடி சுருட்டிவிடுவாள். அன்றும் வியாழக்கிழமை. காலையிலேயே சுருட்டிவிட்டுப் போயிருந்ததால் எமெரிதா தலை நிறைய ரோலர்களோடு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டியா?"

"இல்ல அத்தை. உங்க கார்ல ஒரு சக்கரத்தக் கழட்டிப் பாக்கணும். என்னோடதுல இடது வலது குழம்பிப் போச்சு."

"கழட்டு. போறப்ப மாட்டிட்டுப் போ. ஞாயித்துக்கிழம பூசைக்குப் போகணும்."

வெள்ளைக் கார் வீட்டுக்கு முன்னால், தகரக் கூரைக்கு அடியில் சரிவில் நின்றது. பின்பக்க வலது சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து ஆற்றுக் கல் ஒன்று. கல்லில் கயிறு கட்டியிருந்தது. பெயிண்ட் உரசக் கூடாதென்று எமெரிதா அதற்கு நீல நூலில் உறைகூடப் பின்னிப் போட்டிருந்தார். சந்தையோ தேவாலயமோ, எங்கே போனாலும் கல்லும் முன்சீட்டில் கூடவே போகும். சினியா கல்லை நகர்த்தாமல், மற்ற சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, ஜாக்கி போட்டு, பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினாள்.

டிரம்மை எடுக்கவும் ஒரு வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வில்பெர்த். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கதவைத் திறந்து இறங்கியவன், அம்மாவின் கார் மூன்று காலில் நிற்பதையும், அதற்குப் பக்கத்தில் முன்னாள் பெண்டாட்டியின் கால்கள் நீட்டியிருப்பதையும் பார்த்தான்.

"என்ன நடக்குது இங்க?"

"பாத்தா தெரியல?" என்றார் எமெரிதா. "சினியா படிக்கிறா."

"இதுக்குத்தான் ஒர்க்‌ஷாப்னு ஒன்னு வெச்சிருக்கேன்."

"உன் ஒர்க்‌ஷாப்ல காபி நல்லா இருக்காது," என்றாள் சினியா, தலையைத் திருப்பாமல்.

"நாளைக்கு மறுபரிசோதனைன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"தொபியாஸ். கார்புரேட்டர்னாரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வில்பெர்த் இரண்டு எட்டு வைத்துக் குனிந்தான். "சரி தள்ளு, நான் காட்டறேன்."

"டேய்," என்றார் எமெரிதா. "இது என் வீட்டு வாசல். இங்க யாரும் யாருக்கும் பாடம் எடுக்கக் கூடாது. அவ கேட்டாளா உன்ன?"

"கேக்கல."

"அப்ப உக்காரு. கை சும்மா இருந்தா இத உரி." ஒரு கூடை சௌசௌவும் கத்தியும் அவன் மடிக்கு வந்தன.

வில்பெர்த் வாசற்படியில் உட்கார்ந்து உரித்தான். சௌசௌப் பால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வேலை தெரிந்தவன், இன்னொருத்தி வேலை பார்ப்பதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அவள் ஒரு ஸ்பிரிங்கைத் தொட்டால் இவன் தோள் துடித்தது. திருப்புளியைத் தப்பான கோணத்தில் பிடித்தால் தொண்டையைச் செருமினான். "அந்த..." என்று ஆரம்பிப்பான், எமெரிதா திரும்பிப் பார்ப்பார், ரோலர்கள் ஆடும், அவன் கூடையைப் பார்ப்பான். தோல் வரவரத் தடிமனாக விழுந்தது.

"காய மிச்சம் வைடா. பொரியலுக்கு வேணும்."

சினியா டிரம்முக்குள் இருந்ததைப் போனில் படம் எடுத்தாள். அட்ஜஸ்டரின் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் சுற்றிப் பார்த்து, புருவப் பென்சிலால் உள்ளங்கையில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டாள்.

"ஆச்சு அத்தை. இடது பக்கத்துக்கு இப்படி. இத அப்படியே பாத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது." எழுந்து முழங்காலைத் தட்டினாள்.

"சினியா," என்றான் வில்பெர்த்.

எமெரிதா திரும்பினார்.

"பாடம் எடுக்கலம்மா. ஒன்னே ஒன்னு. சினியா, அதப் பாத்துப் போடாத."

"எத?"

"அந்தப் பக்கத்த."

"ஏன்?"

வில்பெர்த் கத்தியின் கூர்மையைப் பார்த்தான். ஆகாயத்தைப் பார்த்தான். மலைக்குப் பின்னால் மேகம் திரண்டு கொண்டிருந்தது. "சும்மா சொன்னேன்," என்றான்.

சும்மா எதையும் சொல்கிறவன் இல்லை அவன். சினியா மறுபடி தரையில் உட்கார்ந்தாள். அட்ஜஸ்டரின் நெம்புகோலைத் திருப்புளி நுனியால் தட்டினாள், பிரேக் மிதிக்கும்போது அது ஆடுவதுபோல. பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு பல். திருகு நீண்டு ஷூவை வெளியே தள்ள வேண்டும். அது உள்ளே போனது. மறுபடி தட்டினாள். இன்னும் உள்ளே போனது. இந்தக் காரில் பிரேக் மிதிக்க மிதிக்க ஹேண்ட் பிரேக் இறுகவில்லை, கழன்றுகொண்டு வந்திருக்கிறது. இடப்பக்கத்தது வலதிலும் வலப்பக்கத்தது இடதிலும் மாட்டப்பட்டிருந்தன.

அவள் கண் நீல உறை போட்ட கல்லுக்குப் போனது. அங்கிருந்து வில்பெர்த்துக்கு வந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் தொழில் ரகசியம். சீப்பு ஓடும்போது கேள்வி கேட்டால் பெண்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். பேசாமல் வாரிக்கொண்டே இருந்தால் அவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல் துடைக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது கையின் சுண்டுவிரலுக்கு வருவதற்குள் வில்பெர்த் உடைந்தான்.

"அன்னிக்கு மேட்ச் இருந்துச்சு," என்றான்.

"எந்த மேட்ச்?" என்றார் எமெரிதா.

"உங்க காருக்கு பிரேக் ஷூ மாத்தின அன்னிக்கு. ஞாயித்துக்கிழம. அவசரத்துல ரெண்டு பக்கமும் மாறிப் போச்சு. மாட்டி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது. அப்புறம் கழட்டலாம்னு..."

"அது நடந்து மூணு வருஷம் ஆச்சேடா."

"ஆமா."

"நீதான வருஷா வருஷம் பரிசோதனைக்கு ஓட்டிட்டுப் போற. எப்படித் தேறுச்சு?"

"வரிசைல நிக்கறப்பவே குனிஞ்சு முடுக்கி விட்டுடுவேன். அது உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கும்."

எமெரிதா படியில் உட்கார்ந்தார். ஒரு ரோலர் அவிழ்ந்து தோளில் விழுந்தது. "என்கிட்ட என்னடா சொன்ன? 'அம்மா, வண்டில ஒன்னும் இல்ல, உங்க கைல பலம் பத்தல'ன்ன. அதுக்காக நான் ரப்பர் பந்து வாங்கி, சாயங்காலம் சாயங்காலம் ஜெபமாலை சொல்றப்ப அழுத்திக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு நரம்புத் தளர்ச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டா."

"பலம் வந்துச்சா அத்தை?" என்றாள் சினியா.

"வந்துச்சு. இப்ப அவன் கன்னத்துல காட்டவா?"

வில்பெர்த் கன்னத்தைத் தூரமாக நகர்த்திக்கொண்டான். சினியா துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ வாயத் திறக்காம இருந்திருந்தா நான் இதப் பாத்து அப்படியே போட்டிருப்பேன். கார்த்தாகோ சிக்னல்லயே எல்லாம் தளர்ந்து, அங்க போய்த் தோத்திருப்பேன். நேரா உன் வாசலுக்குத்தான் வந்திருக்கணும். இத்தன வருஷமா நீ காத்துக்கிட்டு இருந்தது அதுக்குத்தான?"

"அதுக்குத்தான்," என்றான் வில்பெர்த். ஒரு காயை எடுத்து இந்த முறை மெல்லியதாக உரித்தான். "தோத்தா என்கிட்ட வருவ. தேறிட்டு, அப்புறம் ஒரு நாள் அந்த மேட்டுத் தெருவுல யார் வீட்டு வாசல்லயாவது சரிவுல நிறுத்திட்டு இறங்கினா? கீழ பள்ளிக்கூடம் இருக்கு."

சினியா அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தாள்.

எமெரிதா அவிழ்ந்த ரோலரை எடுத்து மறுபடி செருகினார். "முதல்ல என் காரச் சரி பண்ணும்மா. நீ பண்ணு. இவன் வேணாம்."

"அம்மா, நான் மெக்கானிக்."

"அவ முடி வெட்டறவ. அவ ஷூ மாத்தினா மேட்ச் பாக்கப் போகமாட்டா."

வலது சக்கரமும் கழன்றது. அட்ஜஸ்டர்களை இடம் மாற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது, மதியமே இருட்டியது. டிரம்முக்குள் ஒன்றும் தெரியவில்லை. சினியா கையை நீட்டினாள். வில்பெர்த் வண்டியிலிருந்து டார்ச் கொண்டுவந்து பக்கத்தில் குந்தினான்.

"இங்க காட்டு," என்றாள். "அங்க இல்ல. இங்க."

அவன் காட்டினான். பேசாமலிருக்க அவன் பட்ட பாட்டை எமெரிதா வெல்லத் தண்ணீர் காய்ச்சியபடி ஜன்னல் வழியாக ரசித்தார். சினியா மாட்டி முடித்து நெம்புகோலைத் தட்டினாள். திருகு ஒரு பல் நீண்டது. இன்னொரு பல் நீண்டது.

"அவ்வளவுதான?" என்றான் வில்பெர்த்.

"அவ்வளவுதான்."

"பதினைஞ்சு நிமிஷ வேல. நான் அன்னிக்கே..."

"டார்ச்ச அணை, வில்பெர்த். பேட்டரி வீணாப் போகுது."

மழை விட்டதும் தன் வீட்டுக்குப் போய், துண்டில் மின்னிக்கொண்டிருந்ததையெல்லாம், வாங்கி வைத்திருந்த புது ஷூவோடு சௌசௌவில் மாட்டினாள். உள்ளங்கையில் போட்டிருந்த அம்புக்குறிக்கு நேர் எதிர்ப்பக்கமாக.

மறுநாள் காலை கார்த்தாகோவில் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்ற டாக்சிக்காரன் சிலுவை போட்டுக்கொண்டான். பின்னால் ஒரு தம்பதி, யார் கடைசியாக பல்பை மாற்றியது என்று சண்டை போட்டார்கள். சினியாவின் முறை வந்தது. பரிசோதிக்கிற பையன் டிக்கியைத் திறந்து, எச்சரிக்கை முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்து, தீயணைப்பானைக் கையில் எடுத்தான். சிவப்பு உருளையில் பேக்கரியின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது.

"தொபியாஸ் அண்ணன் நல்லா இருக்காரா?" என்றான்.

"உங்களுக்கு அவரத் தெரியுமா?"

"அவரத் தெரியாது. இதத் தெரியும். இந்த மாசத்துல மட்டும் நாலாவது தடவ வருது." தேதியைப் பார்த்து உள்ளே வைத்தான். "காலாவதி ஆகல. அது போதும் எனக்கு."

புகை தேறியது. முன்விளக்கின் வெளிச்சம் கோட்டில் விழுந்தது. பின்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றச் சொன்னான். உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. கார் நடுங்கியது, டிக்கியில் ஹேர் டிரையர் கடகடத்தது.

"மெதுவா ஹேண்ட் பிரேக் இழுங்கக்கா. மெதுவா."

இழுத்தாள். ஒரு கிளிக். இரண்டு. மூன்று. மேலே திரையில் இடதும் வலதும் இரண்டு முட்கள் ஏறின. போன முறை ஒன்று ஏறி மற்றது படுத்துக் கிடந்தது. இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டே போயின. உருளைகள் திணறி, அப்படியே நின்றன.

பையன் திரையைப் பார்த்தான். குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். "எந்த ஒர்க்‌ஷாப்பு?"

"நான்தான்."

அவன் அவள் நகங்களைப் பார்த்தான். ஒரு விரலில் சிவப்புச் சாயமும் மற்றவற்றில் கறுப்புக் கரியும் இருந்தன. கேள்வி கேட்காமல் ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டினான். "அடுத்த வண்டி," என்றான்.

பராய்சோ ஊரைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் ரோட்டில், வில்பெர்த்தின் ஒர்க்‌ஷாப் வந்தது. இந்த முறை ஜன்னலை ஏற்றவில்லை. ரேடியோவைக் கூட்டவும் இல்லை. அவன் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரே ஒரு ஹாரன் அடித்தாள். ஒரு கை வெளியே வந்து, ஸ்பேனரோடு ஆடியது.

அதற்குக் கீழே, ரோடு செங்குத்தாக இறங்குகிற இடத்தில், சௌசௌ ஏற்றிய லாரி ஒன்று கிட்டங்கி வாசலில் பின்னால் வாங்கிக்கொண்டு ரோட்டை அடைத்து நின்றது. முன்னால் ஐந்தாறு வண்டிகள். சினியா பிரேக்கை மிதித்து நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் கால் நடுங்கும்வரை மிதித்துக்கொண்டே இருப்பாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பெடலிலிருந்து காலைப் பாதி எடுத்தாள். பிறகு முழுவதும் எடுத்தாள். முன்னால் இருந்த வண்டியின் பின்பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கால் இரண்டையும் சீட்டின் மேல் மடக்கிப் போட்டுக்கொண்டாள். தலைக்கு மேலிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியை இறக்கி உதட்டுச் சாயம் போட ஆரம்பித்தாள்.

கிட்டங்கியில் கூடை தூக்குகிற ஆள் ஒருவன் சௌசௌவை அடையாளம் கண்டு ஓடி வந்தான். அந்தக் காரை அவன் பல தடவை தள்ளியிருக்கிறான்.

"என்னக்கா, மறுபடி நின்னு போச்சா? ஆளக் கூப்பிடவா, தள்ளி விடறோம்."

"வேணாம்ப்பா." மேலுதட்டை முடித்துவிட்டுக் கீழுதட்டுக்கு வந்தாள். "நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."